இலை உதிர்ந்தால் கைராசியைக் குறை சொல்லாதீர்கள்

வீட்டுக்குள் வைத்திருக்கும் செடி இலையைக் கொட்டத் தொடங்கினால் நம் வீடுகளில் மூன்று தீர்ப்புகள் தயாராக இருக்கும். "எனக்குக் கைராசி இல்லை" என்பது ஒன்று. "யார் கண் பட்டதோ" என்பது இன்னொன்று. "தண்ணீர் போதவில்லை, இன்னும் கொஞ்சம் ஊற்று" என்பது மூன்றாவது. முதல் இரண்டும் செடியை ஒன்றும் செய்வதில்லை. பல தொட்டிச் செடிகளின் உயிரை எடுப்பது மூன்றாவது தீர்ப்புதான்.

இலை உதிர்வதை நாம் நோயாகப் பார்க்கிறோம். அது செடி தானாகச் செய்யும் ஒரு வேலை என்பதே என் வாதம். இதைப் புரிந்துகொண்டால், உதிர்ந்து கிடக்கும் இலைகளை வைத்தே செடிக்கு என்ன குறை என்று ஓரளவு கண்டுபிடித்துவிடலாம். புரிந்துகொள்ளாவிட்டால், பிழைக்க வேண்டிய செடி குப்பைக்குப் போகும்.

செத்த செடியால் இலையை உதிர்க்க முடியாது. மழைக்காற்றில் ஒடிந்து, பட்டையைப் பிடித்துக்கொண்டு தொங்கும் கிளையை எப்போதாவது கவனித்திருக்கிறீர்களா? அதன் இலைகள் பழுப்பாகிச் சருகாகியும் வாரக்கணக்கில் கிளையிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். அதே மரத்தின் மற்றக் கிளைகளோ பழைய இலைகளைச் சுத்தமாகக் கழற்றிப் போட்டிருக்கும். ஒடிந்த கிளை சட்டென்று காய்ந்துவிட்டதால், கழற்றும் வேலையைச் செய்ய அதில் உயிருள்ள அணுக்கள் இல்லை. கழற்றுவதற்கும் உயிர் வேண்டும்.

அந்த வேலை நடக்கும் இடம், இலைக்காம்பு தண்டில் சேரும் இடம். அங்கே சில அடுக்கு உயிரணுக்கள் மற்றவற்றைவிடச் சிறியவையாக இருக்கும். இதை உதிர்வு மண்டலம் என்பார்கள். இலை நல்ல நிலையில் இருக்கும்வரை ஆக்சின் என்ற ஹார்மோனைத் தயாரித்துக் காம்பு வழியாகத் தண்டுக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். வகுப்பில் பெயர் கூப்பிடும்போது "உள்ளேன் ஐயா" என்று குரல் கொடுப்பது போல. அந்தக் குரல் மங்கினால், உதிர்வு மண்டலம் எத்திலின் என்ற வாயுவின் பேச்சைக் கேட்கத் தொடங்கும். எத்திலின் தூண்டியதும் அங்குள்ள உயிரணுக்கள் நொதிகளைச் சுரந்து, தங்களை ஒன்றோடொன்று ஒட்டவைத்திருக்கும் பசையைக் கரைத்துவிடும். பிறகு ஒரு சிறு காற்று போதும். இலையின் எடையே போதும். தண்டுப் பக்கத்தில் தக்கை போன்ற ஒரு படலம் உருவாகிக் காயத்தை மூடிவிடும்.

(அப்சிசிக் அமிலம் என்று இன்னொரு ஹார்மோன் உண்டு. அந்தப் பெயருக்கே உதிர்வு என்றுதான் பொருள். 1960களில் அதுதான் உதிர்வுக்குக் காரணம் என்று நம்பிப் பெயர் வைத்தார்கள். பிறகு பார்த்தால், தண்ணீர்த் தட்டுப்பாட்டில் இலைத்துளைகளை மூடுவதுதான் அதன் பெரிய வேலை. பெயர் மட்டும் தங்கிவிட்டது. பெயரைப் பார்த்து விடை எழுதுகிறவர்கள் கவனிக்க.)

எத்திலின் உங்களுக்குப் புதியதல்ல. மாங்காயை அரிசிப் பானைக்குள் புதைத்துப் பழுக்க வைப்பதும், வாழைத்தாரை மூடிப் புகை போடுவதும் நம் பாட்டிமார் அறிந்த வித்தை. மாங்காய் விடும் எத்திலின் வெளியே போகாமல் அரிசிக்குள் தங்கும். புகையில் எத்திலினும் உண்டு. குளிர்பதனப் பெட்டியில் பையில் கட்டி வைத்த கறிவேப்பிலை சில நாளில் ஈர்க்கை விட்டுக் கழன்று கிடப்பதும் இதே கதைதான். பறித்த பிறகும் அந்தக் கொத்து கொஞ்ச நாள் உயிரோடு இருக்கிறது, தன் வேலையைச் செய்கிறது. 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பிய நகரங்களின் தெருவிளக்குகள் நிலக்கரி வாயுவில் எரிந்தன. வாயுக்குழாய் கசிந்த தெருக்களில் மரங்கள் காலம் தவறி இலையைக் கொட்டின. 1901ல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் டிமித்ரி நெல்யூபோவ் என்ற இளம் ஆய்வாளர், ஆய்வுக்கூடத்துக் காற்றில் வளர்ந்த பட்டாணி முளைகள் மட்டும் நேராக எழாமல் படுத்து வளர்வதைக் கண்டு ஆராய்ந்தார். விளக்கு வாயுவில் இருந்த எத்திலின்தான் காரணம் என்று தெரிந்தது. ஆகவே, கதவு சன்னல் சாத்திய அறையில் கனிந்த வாழைப்பழச் சீப்புக்குப் பக்கத்தில் செடியை வைக்காதீர்கள்.

உதிர்வதும் துளிர்ப்பதும் நம் வட்டாரத்துக்குப் பழகிய காட்சி. மலேசியத் தோட்டப்புறத்தில் வளர்ந்த தாத்தாவோ பாட்டியோ இருந்தால் கேட்டுப் பாருங்கள். 1877ல் 22 கன்றுகளாகச் சிங்கப்பூர்ப் பூமலைக்கு வந்து சேர்ந்த பால்மரம், பின்னர் தீபகற்பம் முழுவதும் பரவியது. ஆண்டுதோறும் பிப்ரவரி, மார்ச் வாக்கில் அந்த ரப்பர் மரங்கள் மொட்டையாக நிற்கும். பால் குறையும், சம்பளமும் குறையும். மரம் செத்துவிட்டது என்று யாரும் வெட்டிச் சாய்க்கவில்லை. சில வாரங்களில் செம்பு நிறத் துளிர் வரும் என்று அவர்களுக்குத் தெரியும். கடற்கரையில் நிற்கும் கெத்தாப்பாங், அதாவது நாட்டு வாதுமை மரம், ஆண்டுக்கு இரண்டு முறைகூட இலைகளைச் சிவக்க வைத்து உதிர்க்கிறது. வெளியே நிற்கும் மரத்திடம் காட்டும் பொறுமையை வரவேற்பறைச் செடியிடம் ஏன் காட்டுவதில்லை?

வீட்டுச் செடி இலையைக் கழற்றுவதற்கு முதல் காரணம் வரவு செலவுக் கணக்கு. இலை சம்பாதிக்கும் உறுப்பு, செலவழிக்கும் உறுப்பும்கூட. பகலில் ஒளிச்சேர்க்கையால் சர்க்கரை செய்கிறது. பகல் இரவு பாராமல் சுவாசித்து அதில் ஒரு பங்கைச் செலவழிக்கிறது. வரவும் செலவும் சமமாகும் ஓர் ஒளி அளவு ஒவ்வோர் இலைக்கும் உண்டு. ஒளி அதற்குக் கீழே போனால் அந்த இலை செடிக்குச் சுமை.

ஃபிக்கஸ் பெஞ்சமினாவை எடுத்துக்கொள்வோம். மலாய் மொழியில் பெரிங்கின். ஆலமரத்தின் நெருங்கிய சொந்தம், நம் வட்டாரத்துக்கே உரிய மரம், வெளியே 20 மீட்டருக்கு மேல் வளரக்கூடியது. அதைத்தான் சிறு தொட்டியில் வைத்து அலுவலக முகப்பிலும் வீட்டுக் கூடத்திலும் நிறுத்துகிறோம். வாங்கி வந்து இரண்டு வாரத்தில் தரையெல்லாம் பச்சை இலை. தொட்டதற்கெல்லாம் கோபித்துக்கொள்ளும் செடி என்ற பெயர் அதற்கு வந்துவிட்டது.

கோபமெல்லாம் இல்லை. நாற்றுப் பண்ணையில் நல்ல வெளிச்சத்தில் வளர்ந்தபோது அது வெயில் இலைகளைச் செய்துகொண்டது. அவை தடிப்பானவை, ஒளிச்சேர்க்கை செய்யும் உயிரணுக்களை அடுக்கடுக்காகக் கொண்டவை. வெயிலில் நிறையச் சம்பாதிக்கும், சுவாசத்தில் நிறையச் செலவும் வைக்கும். வீட்டு வெளிச்சத்தில் அந்தச் செலவுக்கு வருமானம் கட்டுப்படியாகாது. எனவே செடி அவற்றைக் கழற்றிவிட்டு, மெல்லிய, குறைந்த செலவில் ஓடும் நிழல் இலைகளைச் செய்யப் பார்க்கிறது. 1970களில் அமெரிக்காவின் புளோரிடாவில் இதை ஆராய்ந்தார்கள். விற்பனைக்கு அனுப்பும் முன் சில மாதங்கள் நிழல்வலைக்குக் கீழே வளர்த்த ஃபிக்கஸ் செடிகள், வீட்டுக்குள் போன பிறகு மிகக் குறைவாகவே இலை உதிர்த்தன.

நாம் என்ன செய்கிறோம்? இலை விழுந்ததும் பதறிப்போய்ச் செடியைத் தூக்கி மாடத்து வெயிலில் வைக்கிறோம். அங்கே புதிதாக வந்த மெல்லிய இலை கருகுகிறது. மறுபடி உள்ளே கொண்டுவருகிறோம். ஒவ்வொரு மாற்றத்துக்கும் செடி தன் சேமிப்பிலிருந்து எடுத்துப் புது இலை செய்ய வேண்டும். சேமிப்பு தீர்ந்த அன்று அது உண்மையாகவே செத்துப்போகிறது. ஒரே இடத்தில் விட்டிருந்தால் பாதி இலையோடு நின்று சமாளித்திருக்கும்.

"எங்கள் கூடத்தில் நல்ல வெளிச்சம்" என்று சொல்வதை நம்பாதீர்கள். உங்கள் கண்களையும் நம்பாதீர்கள். கண்மணி விரிந்து சுருங்கி, மூளையும் ஈடுகட்டி, இருட்டையும் வெளிச்சத்தையும் கிட்டத்தட்ட ஒன்றாகக் காட்டிவிடுகிறது. உச்சி வெயிலில் திறந்த திடலில் சுமார் 100,000 லக்ஸ் ஒளி இருக்கும். அடுக்குமாடித் தாழ்வாரத்தின் நிழலில் சில ஆயிரம். சன்னலிலிருந்து மூன்று மீட்டர் உள்ளே, நாற்காலிக்குப் பக்கத்தில், சில நூறு. நூல் படிக்க அது தாராளம், ஃபிக்கஸுக்குப் பட்டினி. கைப்பேசியில் லக்ஸ் அளக்கும் செயலி கிடைக்கும். துல்லியம் குறைவுதான், ஆனால் சன்னலோரத்துக்கும் மூலைக்கும் உள்ள வேறுபாட்டைப் பார்த்தால் அதிர்ந்துவிடுவீர்கள்.

இங்கே ஒரு குறையைச் சொல்லியாக வேண்டும். செடி வளர்ப்புப் பற்றி நமக்குக் கிடைக்கும் அறிவுரைகள் பெரும்பாலும் ஐரோப்பாவுக்கோ அமெரிக்காவுக்கோ எழுதப்பட்டவை. தெற்குச் சன்னலில் வை, குளிர்காலத்தில் தண்ணீரைக் குறை, இலை மேல் நீர் தெளி என்று அவை சொல்லும். லண்டனில் கோடைப் பகல் 16 மணி நேரத்துக்கு மேல், குளிர்காலப் பகல் 8 மணி நேரத்துக்கும் குறைவு. சிங்கப்பூரில் ஆண்டின் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் ஏறத்தாழ 10 நிமிடம்தான் வேறுபாடு. நாம் நிலநடுக்கோட்டை ஒட்டி இருப்பதால், ஆண்டின் நடுப்பகுதியில் சூரியன் நமக்கு வடக்கே சாய்ந்திருக்கும், ஆண்டிறுதியில் தெற்கே. ஜூன் மாதத்தில் வெயில் விழும் சன்னலில் டிசம்பரில் விழாது. செடி ஜூலையில் நன்றாக இருந்து நவம்பரில் இலை கொட்டினால், முதலில் சன்னல் எந்தத் திசை பார்க்கிறது என்று பாருங்கள். நீர் தெளிப்பதும் இங்கே வீண் வேலை. நம் காற்றின் சராசரி ஈரப்பதமே 80 விழுக்காட்டைத் தாண்டும்.

குளிர்சாதன அறை மட்டும் விதிவிலக்கு. அங்கே காற்று உலர்ந்திருக்கும். 24 டிகிரிக் குளிர் செடியைக் கொன்றுவிடாது. குளிர்சாதனப் பெட்டிக்கு நேர்கீழே நாள் முழுதும் உலர்காற்று படுவதுதான் தொல்லை. இரண்டடி தள்ளி வைத்தால் தீர்ந்தது.

இனி, அந்த மூன்றாவது தீர்ப்பு. அதிகத் தண்ணீர் ஏன் இலையை உதிர்க்கிறது? வேரும் சுவாசிக்க வேண்டும். மண் துகள்களுக்கு நடுவே உள்ள காற்றிலிருந்து அது ஆக்சிஜனை எடுத்துக்கொள்கிறது. அந்த இடைவெளிகளில் தண்ணீர் நிரம்பினால், ஆக்சிஜன் வேருக்கு வந்துசேரும் வேகம் படுத்துவிடும். தண்ணீரில் ஆக்சிஜன் பரவும் வேகம் காற்றில் பரவுவதைவிடச் சுமார் 10,000 மடங்கு குறைவு. மூச்சுத் திணறும் வேர், எத்திலினுக்கு முந்தைய கட்டப் பொருள் ஒன்றைத் தயாரிக்கிறது. அதை எத்திலினாக மாற்ற ஆக்சிஜன் தேவை. வேரில்தான் அது இல்லையே. எனவே அந்தப் பொருள் நீரோடு சேர்ந்து தண்டு வழியாக மேலே ஏறுகிறது. இலைப் பக்கம் ஆக்சிஜன் தாராளமாக இருப்பதால் அங்கே போய் எத்திலினாகிறது. 1980ல் கலிஃபோர்னியாவில் தக்காளிச் செடிகளை வைத்து இந்தப் பயணத்தை நிரூபித்தார்கள். தவிப்பது வேர், தலை சாய்ப்பது இலை. தொங்கும் இலையைப் பார்த்து நாம் மேலும் தண்ணீர் ஊற்றுகிறோம்!

தொட்டியைத் தாங்கும் தட்டில் தண்ணீர் நிற்க விடாதீர்கள் என்று ஏடிஸ் கொசுவுக்காக நமக்குச் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். டெங்கிக்காகச் சொல்லப்படும் அந்த அறிவுரை வேருக்கும் பொருந்தும்.

விழுந்த இலையையும் கொஞ்சம் படிக்கலாம். அடியில் உள்ள முதிய இலைகள் ஒன்றிரண்டாக மஞ்சளாகி விழுந்தால் பயப்பட ஒன்றுமில்லை. நைட்ரஜன், மெக்னீசியம் போன்ற சத்துகளைச் செடி அவற்றிலிருந்து திரும்ப எடுத்து, துளிருக்கு அனுப்பிவிட்டுத்தான் விடுகிறது. மஞ்சள் நிறம் முன்பே இலையில் இருந்ததுதான். பச்சையம் சிதைந்ததும் வெளியே தெரிகிறது. இலை பச்சையாகவே, கொத்துக் கொத்தாக விழுந்தால் அது திடீர் மாற்றத்தின் அடையாளம்: இடம், ஒளி, உலர்காற்று, அல்லது வண்டியில் அடைத்து வந்த பயணம். மஞ்சளோடு மண்ணும் சதசதவென்று இருந்தால் வேர்ப் பிரச்சினை. இலைக்கடியில் வெள்ளைப் பஞ்சோ, பிசுபிசுப்போ, நுண்ணிய வலையோ தெரிந்தால் மாவுப்பூச்சி, செதில்பூச்சி, சிலந்திப்பேன் இவற்றில் ஒன்று; ஈரத்துணியால் துடைத்து, அந்தத் தொட்டியைத் தனியே வையுங்கள். வீட்டுக்குள் கறிவேப்பிலை வளர்க்க நினைப்பவர்களுக்குச் சொல்வது ஒன்றே ஒன்று: அது வெயில் செடி. நிழலில் வைத்து அது இலை உதிர்க்கிறது என்று வருந்த வேண்டாம்.

பள்ளிகள் மீது எனக்கு இருக்கும் வருத்தம் இதுதான். நூலகத்திலும் அலுவலகத்திலும் தொட்டிகள் அழகுக்கு நிற்கின்றன. நான்கு வார ஜூன் விடுமுறை முடிந்து வந்தால் சில காணாமல் போயிருக்கும், புதியவை வந்திருக்கும். ஏன் போயின என்று எவரும் கேட்பதில்லை. ஒளிச்சேர்க்கையின் சமன்பாட்டை மனப்பாடமாகச் சொல்லத் தெரிந்த நாம், அந்தச் சமன்பாடு நடக்காமல் ஒரு செடி நூலக மூலையில் பட்டினி கிடப்பதைப் பார்ப்பதில்லை. ஒவ்வொரு தொட்டிக்கும் ஒரு குறிப்பேடு போதும். இன்று விழுந்த இலை எத்தனை, மேலிருந்தா கீழிருந்தா, பச்சையா மஞ்சளா, ஒளி எத்தனை லக்ஸ். சமையலறைத் தராசு இருந்தால் இன்னும் நல்லது. நன்றாகத் தண்ணீர் ஊற்றி வடிந்த பிறகு தொட்டியை எடை போடுங்கள், மறுநாளும் போடுங்கள். குறைந்த ஒவ்வொரு கிராமும் ஒரு மில்லிலிட்டர் தண்ணீர். ஒரே கொடியிலிருந்து வெட்டிய இரண்டு மணிபிளாண்ட் துண்டுகளை ஒரே அளவுத் தொட்டிகளில் வளர்த்து, ஒன்றைச் சன்னலிலும் மற்றதை மூலையிலும் வைத்து இதைச் செய்தால், "வாரத்துக்கு எத்தனை முறை தண்ணீர் ஊற்ற வேண்டும்" என்ற கேள்விக்கு ஏன் ஒரே பதில் இல்லை என்பது எண்களாகவே தெரிந்துவிடும்.

சரி, உங்கள் வீட்டில் இப்போதே ஒரு செடி இலை கொட்டிக்கொண்டிருக்கிறது. என்ன செய்வது?

முதலில் அது உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். தண்டின் பட்டையை நகத்தால் இலேசாகச் சுரண்டினால், உள்ளே பச்சையும் ஈரமும் தெரிந்தால் உயிர் உண்டு. பழுப்பாகக் காய்ந்திருந்தால் இன்னும் கீழே சுரண்டுங்கள். பச்சை தொடங்கும் இடத்துக்குச் சற்று மேலே வெட்டிவிடலாம்.

பிறகு விரலை மண்ணுக்குள் இரண்டு கணு ஆழம் விடுங்கள். ஈரமாக இருந்தால் தண்ணீர் வேண்டாம். இலை பாதியாகிவிட்ட செடிக்குத் தண்ணீர்த் தேவையும் ஏறத்தாழ பாதியாகிவிடும். நீரை இழுத்து ஆவியாக்குவது இலைதானே. முன்பு ஊற்றிய அளவையே ஊற்றுவது இப்போது வெள்ளம். மண் நாற்றமடித்தால் செடியைத் தொட்டியிலிருந்து கழற்றுங்கள். நல்ல வேர் வெளிறி, உறுதியாக இருக்கும். அழுகிய வேர் கருத்து, விரலில் நசுங்கும். நசுங்குவதை வெட்டி எறிந்துவிட்டு, அடியில் துளை உள்ள தொட்டியில், நீர் எளிதாக வடியும் மண்ணில் நடுங்கள். வேர் நன்றாக இருந்தால் தொட்டியை மாற்றவே மாற்றாதீர்கள். அதுவும் ஓர் அதிர்ச்சிதான்.

உரம் வேண்டாம். இலையில்லாத செடிக்கு உரம் போடுவது, காய்ச்சலில் படுத்திருப்பவருக்குப் பிரியாணி கொடுப்பது போல. பயன்படுத்தப்படாத உப்புகள் மண்ணில் தங்கி, வேர் நீர் உறிஞ்சுவதையும் கெடுக்கும். "செடி டானிக்" என்று விற்கும் புட்டிகளையும் கடையிலேயே விட்டுவிடுங்கள்.

வெளிச்சமான, ஆனால் நேர்வெயில் படாத ஓரிடத்தைப் பார்த்து வைத்துவிட்டு, பிறகு நகர்த்தாதீர்கள். ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம். இடத்தையும் மாற்றி, மண்ணையும் மாற்றி, தண்ணீரையும் மாற்றினால் செடி பிழைத்தாலும் எதனால் பிழைத்தது என்று தெரியாது. அடுத்த செடிக்கு அந்த அறிவு உதவாது. மாற்றிய பிறகும் ஒரு வாரம் இரண்டு வாரம் இலை விழக்கூடும், ஏனென்றால் உதிர்வு மண்டலத்தில் பசை கரையத் தொடங்கிய இலை திரும்ப ஒட்டாது. அந்த நாள்களில்தான் பலர் பொறுமை இழக்கிறார்கள்.

நான்கு முதல் ஆறு வாரம் காத்திருங்கள். விழுந்த இலை இருந்த இடத்தில் ஒரு தழும்பு தெரியும். அதற்குச் சற்று மேலே கடுகளவு ஒரு மொட்டு முதலிலிருந்தே உறங்கிக்கொண்டிருக்கிறது. துளிர் அங்கிருந்துதான் வரும். வரும் இலை பழையதைவிட மெல்லியதாக, கரும்பச்சையாக இருந்தால் செடி உங்கள் வீட்டு வெளிச்சத்துக்குப் பழகிக்கொண்டது என்று பொருள். அப்படி இரண்டு மூன்று இலைகள் முழுதாக விரிந்த பிறகு உரம் கொடுக்கலாம், அதுவும் பையில் அச்சிட்டிருக்கும் அளவில் பாதி.